கழிவுச் சொல்

சேந்தன்கோட்டையில் ஆட்கள் கால்வாசி கால்வாசியாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதை யாரும் சாவு என்று சொல்லவில்லை, வியாதி என்றும் சொல்லவில்லை, கழிவு என்றுதான் சொன்னார்கள். உரக்கடையில் மூட்டைக்கு இவ்வளவு கழிவு, நகைக்கடையில் செய்கூலிக்கு இவ்வளவு கழிவு என்று ஊர் வாயில் வெகுகாலம் புழங்கிய சொல் அது, அதனால் அப்பனுக்கும் மாமியாருக்கும் கழிவு வந்தபோதும் அந்தச் சொல் யார் நாக்கிலும் உறுத்தவில்லை. இவருக்குக் கால் கழிந்திருக்கிறது என்பார்கள், அந்தம்மாவுக்கு அரை கழிந்துவிட்டது என்பார்கள், சொல்லிவிட்டுப் பேச்சை மழைக்கோ ஆற்றில் தண்ணீர் விடுவதற்கோ மாற்றிக்கொள்வார்கள். எதனால் கழிந்தது என்று மட்டும் ஒருவரும் ஒருவரைக் கேட்க மாட்டார்கள். கேட்காமல் இருப்பதைத்தான் அந்த ஊரில் அப்போது மரியாதை என்று வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருந்த ஊர் அது. வெள்ளாமையைப் பற்றிப் பேசுவதைவிட விமானக் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். ஊருக்கு வந்தவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் டிக்கெட் என்ன விலைக்குப் போட்டாய் என்று கேட்பார்கள். குறைத்துப் போட்டவன் கெட்டிக்காரன், கூடக் கொடுத்தவன் ஏமாளி, சொன்ன விலையைச் சொன்னபடி கொடுத்துவிட்டு வந்தவனுக்கு 'முழு டிக்கெட்டு' என்று பட்டப்பெயர் விழும், அது அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போதும் கூடவே போகும். அந்தப் பெயருக்குப் பயந்தே பேருந்து நிலையத்து மாடியில் வாயுபுத்திரா டிராவல்ஸ் நடத்திய தில்லைநாயகியிடம் எல்லாரும் போனார்கள். விமானக் கம்பெனிகள் அவ்வப்போது விடுகிற தள்ளுபடிக் குறியீடுகளைத் தேடிப் பிடித்துத் தருவதில் அவள் கெட்டிக்காரி. ஊர் அவற்றுக்குக் கழிவுச் சொல் என்று பெயர் வைத்திருந்தது. தீபாவளிக்கு ஒரு சொல், பள்ளி விடுமுறைக்கு ஒரு சொல், செவ்வாய்க்கிழமை பறந்தால் ஒரு சொல். எல்லாம் டீக்கடை வடை மாதிரி, நாம் கை நீட்டுவதற்குள் தீர்ந்துபோகும்.

ஒரு தை மாதம் தீராத சொல் ஒன்று வந்தது. வாலில் வெள்ளைக் கொக்கு வரைந்த விமானக் கம்பெனி ஒன்று அனுப்பியது. துக்கத்துக்காக ஊர் போகிறவர்களுக்குக் கட்டணத்தில் கால் பங்கு கழிவு, சான்றிதழ் ஒன்றும் வேண்டாம், இறந்தவர் பெயரையும் உறவையும் ஒரு கட்டத்தில் நிரப்பினால் போதும். தில்லைநாயகி அதை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் கூடவே குரலிலும் சொன்னாள்.

"பேரு ஒண்ணு கேக்கும், யாரு பேரயாச்சும் போட்டுக்குங்க. அவன் என்ன நம்மூருக்கு வந்து எழவு வீடா இல்லையான்னு எட்டிப் பாக்கப் போறானா?"

டிக்கெட் வாங்கிவிட்டான் என்றால் செத்துப்போனான் என்றும் நம்மிடம் ஒரு பொருள் உண்டு என்பது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பூமிநாதன் அந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவன். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பிறந்து தவழத் தொடங்கிவிட்ட மகளை அவன் போனில்தான் பார்த்திருந்தான். கட்டத்தில் அம்மா கோசலையின் பெயரை முதலில் எழுதினான், மனசு வரவில்லை, அழித்தான். பிறகு அப்பா வைரக்கண்ணுவின் பெயரை எழுதினான். அதற்கு மனசு வந்தது. அப்பாதானே, ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. ஆண்பிள்ளைகளுக்கு அப்பாக்களைப் பற்றி இப்படித் தோன்றுவது புதிதல்ல. கழிவில் மிஞ்சிய பணத்தில் அவருக்கே ஒரு நல்ல வயரில்லாத மைக் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான், அதனால் மனசு இன்னும் லேசானது.

வைரக்கண்ணுவுக்கு மைக்தான் பிழைப்பு. கூரை மேல் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய ஆட்டோ ஒன்று வைத்திருந்தார், அதற்கு வைரம் சவுண்ட் சர்வீஸ் என்று பெயர். ஊரில் காதணி விழா என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் சாவு என்றாலும் அவர்தான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். சாவு அறிவிப்பில் 'இயற்கை எய்தினார் என்பதை' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் வாசல் கூட்டுகிற பெண்கள் விளக்குமாற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்பார்கள், பிறகுதான் 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடிப்பார். அந்த ஊரில் வைரக்கண்ணு சொல்லாத சாவு சாவே இல்லை. வீட்டில் அவ்வளவு பேச மாட்டார். மகன் போனில் வந்தால் 'தம்பி, சாப்புட்டியா?' என்று கேட்டுவிட்டுப் போனைக் கோசலையிடம் கொடுத்துவிடுவார்.

பூமிநாதன் வந்த அதே விமானத்தில் பக்கத்து வீட்டுச் சிங்காரவேலுவும் வந்தான், குழுவில் வந்த சொல்லை அவன் அப்போது இன்னும் கேட்டிருக்கவில்லை. விமானப் பணிப்பெண் ஒருத்தி பூமிநாதன் இருக்கையருகே குனிந்து, தங்கள் தந்தையாரின் மறைவுக்கு எங்கள் இரங்கல் என்று படித்த தமிழில் சொன்னது பின் இருக்கையில் இருந்த சிங்காரவேலுவின் காதில் விழுந்தது. இவ்வளவு பெரிய துக்கத்தை வைத்துக்கொண்டு இவன் முட்டை பிரியாணி சாப்பிடுகிறானே என்று மட்டும் அவன் நினைத்தான். இறங்கியதும் பூமிநாதன் பெட்டிக்காகக் காத்து நின்ற நேரத்தில் சிங்காரவேலு ஒரு காரைப் பிடித்து, வழியில் ஆளுயரச் சம்பங்கி மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக எழவு வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தது செத்தவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் குழாய் துடைக்கிற துணியோடு நின்றார்.

"என்னடா சிங்காரம், மாலையும் கையுமா?"

"அண்ணே... நீங்க... பிளேன்ல அந்தப் பொண்ணு ஒங்க மவன்ட்ட துக்கம் விசாரிச்சுச்சுண்ணே. ஒங்கப்பா எறந்ததுக்கு வருத்தப்படுறோம்னு."

வைரக்கண்ணு 'எய்தினார் என்பதை'க்கும் 'ஆழ்ந்த'வுக்கும் நடுவே நிறுத்துகிற அளவுக்கு ஒரு மூச்சு நிறுத்தினார்.

"அதுவா? அது எங்க சின்னையா மவன், இன்னொரு வைரக்கண்ணு, கும்மோணத்துப் பக்கம். அவரயும் இவன் அப்பான்னுதான் கூப்புடுவான். பாசக்காரப் பய. மாலையக் குடு, வாங்குனத வீணாக்குவானேன்."

வாங்கி ஆட்டோவின் குழாயில் மாட்டிவிட்டார். பூமிநாதன் வந்து இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது அந்த மாலைதான். என்னப்பா மாலை என்றான், நேற்று ஒரு கல்யாணம் என்றார். கல்யாணத்துக்குச் சம்பங்கியில் அப்படிக் கட்ட மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று அவன் மேலே கேட்கவில்லை, சொன்னால் அவன் தலை குனிய வேண்டிவரும் என்று அவரும் சொல்லவில்லை. மைக்கை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்லா இருக்கு தம்பி என்றார்.

மறுநாள் அந்த மைக்கில் முதல் அறிவிப்பைச் சொன்னபோதுதான் கழிவு தெரிந்தது. வடக்குத் தெரு ராமையன் வீட்டில் நாளை காலை நடைபெறும் காதணி நிகழ்ச்சிக்கு அனைவரும் வந்து சிறப்பிக்க வேண்டும் என்று அவர் வாயாரச் சொன்னார். குழாயிலிருந்து வந்தது இதுதான்: "வடக்குத் தெரு ராமையன் ...... நாளை காலை நடைபெறும் ...... நிகழ்ச்சிக்கு அனைவரும் வந்து ...... வேண்டும்" நாலாவது வார்த்தை, எட்டாவது வார்த்தை, பன்னிரண்டாவது வார்த்தை என்று கால் பங்கு வார்த்தைகள் வெளியே வரவில்லை. என்ன விசேஷம் என்று விளங்காமல் மறுநாள் பாதிப் பேர் மொய்க் கவரோடும் பாதிப் பேர் கோடித் துணியோடும் ராமையன் வீட்டுக்குப் போய், ராமையன் கோடித் துணிக்காரர்களை அடிக்கப் போய், பெரிய ரகளையாகிவிட்டது. சிங்கப்பூர் மைக் சரியில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பழைய மைக்கை எடுத்தார், அதிலும் அப்படித்தான். மைக்கே இல்லாமல் வீட்டுக்குள், "கோசலை, கொஞ்சம் சுடுதண்ணி ......" என்றபோதும் அப்படித்தான். கோசலை வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று தை அமாவாசை. வாசலில் முன்னோருக்கு வைத்த சோற்றை விட்டுவிட்டு ஒரு காக்கை உள்ளே நடந்து வந்து வைரக்கண்ணுவின் தட்டில் கால் பங்கு சாதத்தைத் தின்றுவிட்டுப் போனது.

அதற்குப் பிறகு அந்த ஊரில் காக்கைகளுக்கு நல்ல காலம். சிங்கப்பூரிலிருந்து கொக்கு விமானம் ஒவ்வொரு முறை வந்து இறங்கும்போதும் யாராவது ஒருவருக்குக் கால் கழிந்தது. மாமியார்கள்தான் முதல் தவணையில் போனார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அப்புறம் பெரியப்பாக்கள், அத்தைகள், பாகப்பிரிவினையில் மனஸ்தாபப்பட்ட அண்ணன்கள், கடைசியில் தாய் தகப்பன். ஒருவருக்குச் சிரிப்பில் கால் பங்கு குறைந்தது, சிரித்துக்கொண்டே வந்தவர் முடிப்பதற்கு முன்பே நின்றுவிடுவார். ஒருத்திக்கு அழுதால் ஒரு கண்ணில் மட்டும் நீர் வந்தது. ஒரு பெரியவரைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், எங்கப்பாவுக்குக் கால் செத்துப்போச்சு டாக்டர் என்று மகன் சொன்னான், டாக்டர் முழங்காலைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்து, காலுக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே உதைக்கிறார் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தக் கால் இல்லை டாக்டர் என்று சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை, எந்தக் கால் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

ஊர் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகாது? கால் கழிந்தவர்கள் கல்யாணத்தில் தாலியைத் தொட்டு வாழ்த்தலாம், அரை கழிந்தவர்கள் அட்சதை மட்டும் போடலாம், முக்கால் கழிந்தவர்கள் பந்தியில் கடைசி இலையில் உட்கார வேண்டும் என்று கோயில் கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். டீக்கடையில் கால் கழிந்தவர்களுக்கு முக்கால் டம்ளர் ஊற்றினார்கள், காசையும் அதற்குத் தக்கபடி வாங்கினார்கள், நியாயத்தில் ஒரு குறையும் இல்லை. கழிந்தவர்களின் மனைவிமார் பொட்டைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்வது நல்லது என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது கோசலை மட்டும் மறுநாளே காலணா அகலத்துக்குக் குங்குமத்தை வைத்துக்கொண்டு தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதிலுக்கு, உங்கள் வீட்டில் பேரைப் போட்டது யார் என்று கேட்டுவிடுவாள்.

வெட்கம் ஊருக்குள் அப்படி இருந்தது. பழைய சோற்று வாடை மாதிரி எல்லா வீட்டிலும் இருந்தது, எல்லா வீட்டிலும் இருந்ததால் யாருக்கும் மூக்கு சுளிக்கத் தோன்றவில்லை. விடுமுறைக்கு வந்த மகன்கள் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பார்த்தார்கள். கோடாரித் தைலமும் சாக்லேட்டும் முன்னைவிட அதிகமாக வாங்கி வந்தார்கள். அப்பாக்களும் மாமியார்களும் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு நல்ல மணம் என்றார்கள். சொல்லை விட்டுவிடலாம் என்று ஒருவனும் நினைக்கவில்லை, விட்டால் முழு டிக்கெட்டு ஆகிவிடுவான். பூமிநாதனும் விடவில்லை. அடுத்த முறை மச்சினன் கல்யாணத்துக்கு வந்தபோது, அப்பாவுக்குச் சுகர் இருக்கிறது, சுகரில் பேச்சு குழறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதே பெயரைப் போட்டான். வைரக்கண்ணுவுக்கு ஒன்றுவிட்டு ஒரு வார்த்தை வராமல் போனது. அதற்கடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு வந்தபோது எழுதக்கூட வேண்டியிருக்கவில்லை, 'இ' என்று ஓர் எழுத்தைத் தொட்டதுமே போன் தானாகவே இறந்தவர் வைரக்கண்ணு, உறவு தந்தை என்று நிரப்பிக்கொண்டது. அவ்வளவு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு வைரக்கண்ணுவுக்கு நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் வந்தது. ஆட்டோவைக் கொட்டகையில் நிறுத்திப் படுதாவைப் போட்டு மூடினார்கள். ஊரில் சாவுகளைச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

அந்தச் சமயத்தில்தான் மேலத்தெருப் பெண் ஒருத்திக்குப் புருஷன் நிஜமாகவே செத்துப்போனான். அவள் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். தில்லைநாயகியிடம் போனில் அழுதாள், தில்லைநாயகி துக்கச் சொல்லைப் போட்டு, புருஷன் பெயரைப் போட்டு, உறவைப் போட்டாள். கட்டம் சிவப்பாகி, செல்லாது என்றது. மறுபடி போட்டாள், செல்லாது. எழுத்தைத் திருத்திப் போட்டாள், செல்லாது. கடைசியில் அந்தப் பெண் வேலை செய்த வீட்டில் கையைக் கட்டி நின்று முன்பணம் கேட்டு வாங்கி முழு டிக்கெட்டில் வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. அன்றைக்குத் தில்லைநாயகி கடையைச் சாத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

சில வாரம் கழித்துக் கோசலை மகனைக் கூப்பிட்டாள்.

"ஒங்கப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தையும் நிக்கப் போவுது போலருக்கு. என்னமோ சொல்ல வாராரு, எனக்கு வெளங்கல. இந்தா, நீயே கேளு."

போனில் நீண்ட மூச்சு வந்தது. பிறகு, "...... ...... ...... வேணாம்" என்று வந்தது. வர வேண்டாம் என்கிறாரா, போட வேண்டாம் என்கிறாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. உடனே தில்லைநாயகிக்குப் போன் போட்டான்.

"அக்கா, நாளைக்கே வரணும். அப்பாவுக்கு முடியல."

"தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தச் சொல்லு நெசமாச் செத்தவுகளுக்கு வேல செய்யல. உசுரோட இருக்கவுகளுக்குத்தான் வேல செய்யுது. அப்ப எதுலேருந்துப்பா அவன் கழிக்கிறான்? நீ மூணு கால் எடுத்துட்ட. இன்னொரு கால் எடுத்தீன்னா, வந்து சேருறப்ப பொய் சொன்னதா இருக்காது."

"எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும்தான் தெரியாது. யாருக்குத்தான் தெரியும், சொல்லு." என்றாள். "நான்தான யாரு பேரயாச்சும் போட்டுக்குங்கன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டு டிக்கெட் பார்த்தான். அடுத்த நாள் பயணம் என்பதால் கட்டணம் மலையாக இருந்தது. அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கும்போதே, கட்டை விரல் தானாக அந்தக் கட்டத்துக்குப் போனது. போன் தன் கடமையைச் செய்தது: இறந்தவர் வைரக்கண்ணு, உறவு தந்தை. பூமிநாதன் தன் விரலைப் பார்த்தான். அப்பாவைச் சாகடித்ததுகூட அவனை அவ்வளவு கூச வைக்கவில்லை, தெரிந்த பிறகும் விரல் அங்கே போனதே, அதுதான் அவனைக் கூச வைத்தது. அறையில் யாருமில்லை, ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். பிறகு எழுத்தெழுத்தாக அழித்தான். கழுத்துச் சங்கிலியை விற்று முழுக் கட்டணத்தைக் கட்டினான்.

விமானத்தில் அவனுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரன், அந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரன். பணிப்பெண் வந்து இந்தப் பக்கத்துக்காரனிடம் தாயாரின் மறைவுக்கு இரங்கல் சொன்னாள், அந்தப் பக்கத்துக்காரனிடம் அண்ணனின் மறைவுக்கு இரங்கல் சொன்னாள், நடுவில் இருந்தவனிடம் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திருச்சி வரைக்கும் வந்தார்கள்.

வீட்டில் அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மகனைக் கண்டதும் வாயசைத்தார், ஒன்றும் வரவில்லை. தோளில் ஒன்று, கட்டில் சட்டத்தில் இரண்டு என்று காக்கைகள் சொந்த வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தன. பூமிநாதன் அங்கேயே நின்று கொக்குக் கம்பெனிக்குப் போன் போட்டான். இறந்ததாகச் சொன்ன பெயரைத் திரும்பப் பெற வேண்டும் என்றான். வழங்கிய சலுகையைத் திரும்பப் பெற முடியாது, பயணம் இனிதாக அமைய வாழ்த்துகள் என்று ஒரு பெண் குரல் சொன்னது. கோசலை அதுவரை பேசாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், முறத்தைக் கீழே போட்டாள்.

"கம்பெனிக்காரிக்கா அவரு அப்பா? அவகிட்டப் போயிக் கேக்குற?"

"அம்மா, நான்..."

"எனக்கு எல்லாம் தெரியும்டா. சிங்காரம் மாலையத் தூக்கிட்டு வந்தன்னைக்கே தெரியும். அந்த மனுசன் இல்லாத ஒரு வைரக்கண்ணுவ உண்டாக்கி, அவனுக்குக் கும்மோணத்துல ஒரு ஊரு குடுத்து, ஒன் மானத்தக் காப்பாத்துனாரு. ஊரு சாவையெல்லாம் ஊருக்குச் சொன்ன மனுசன், தன் சாவ மட்டும் மறச்சு வச்சாருடா. நீ செத்துட்டாருன்னு அங்கன சொன்ன. சாவலன்னு இங்கன சொல்லு. சொன்ன வாயாலதான் எடுக்கணும். வண்டி கொட்டகையிலதான் நிக்குது."

படுதாவை எடுத்தார்கள். அப்பாவைக் கைத்தாங்கலாகப் பின் இருக்கையில் உட்கார வைத்தான். சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அந்த ஆட்டோவை ஓட்டிப் பழகியவன், இப்போது தனியாக முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். கழிவில் வாங்கிய அதே மைக்கை எடுத்துக்கொண்டான். வெயில் இறங்கி, எல்லாரும் வாசல் கூட்டுகிற நேரம். தெற்குத் தெரு முனையில் வண்டியை நிறுத்தினான். வெகுநாள் கழித்துக் குழாய் கரகரத்ததும் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வெளியே வந்தார்கள்.

"சேந்தன்கோட்டைப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. தெற்குத் தெரு வைரம் சவுண்ட் சர்வீஸ் வைரக்கண்ணு அவர்கள் இறந்துவிட்டதாக, விமான டிக்கெட்டில் கழிவு வாங்குவதற்காக, அவருடைய மகன் பூமிநாதனாகிய நான் ஒரு முறை பொய் சொன்னேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை..."

அப்பா நிறுத்துகிற இடத்தில் அவனுக்கும் மூச்சு தானாக நின்றது. விளக்குமாறுகள் நின்றன.

"...மிகுந்த வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

சொல்லிவிட்டு முன் கண்ணாடியைப் பார்த்தான். பின் இருக்கையில் அப்பா கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். கோபமாக ஒன்றும் காட்டவில்லை. திருவிழாவில் மைக் சோதிக்கும்போது எத்தனை குழாய் பேசுகிறது என்று தூரத்திலிருந்து விரலால் காட்டுவாரே, அதே மாதிரி காட்டினார்.

பூமிநாதனுக்குக் காது இரண்டும் எரிந்தன. ஒரு முறைதான் அவருக்குத் தெரியும், அந்த மாலை வந்த முறைதான் தெரியும் என்று அத்தனை நாளும் நினைத்திருந்தான். கல்யாணத்துக்கு வந்தபோதும் அவர் தெரிந்தேதான் வாசலுக்கு வந்து பெட்டியை வாங்கினார். திருவிழாவுக்கு வந்தபோதும் தெரிந்தேதான் வா தம்பி என்றார். மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"திருத்தம். மூன்று முறை. ஒரு முறை என்று சொன்னதும் பொய். மூன்று முறை என்பதை மிகுந்த வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

கண்ணாடியில் விரல்கள் இறங்கின. தோளில் இருந்த காக்கை எழுந்து மின்கம்பிக்குப் போனது. பின்னாலிருந்து, கொஞ்சம் துருப்பிடித்த குரலில், "மைக்க ...... கிட்ட ...... பேசாத" என்று வந்தது.

தெருத்தெருவாகப் போனார்கள். வடக்குத் தெருவில் சொன்னான், மேலத்தெருவில் அந்த விதவையின் வாசலில் வண்டியை நிறுத்தித் தலையைத் தூக்க முடியாமல் சொன்னான், பேருந்து நிலையத்தில் மாடியிலிருந்து தில்லைநாயகி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது சொன்னான். ஒவ்வொரு தெருவுக்கும் அப்பாவிடம் கொஞ்சம் வார்த்தை திரும்பி வந்தது. ஊரில் யாரும் சிரிக்கவில்லை. முழு டிக்கெட்டு என்று ஒருவனும் சொல்லவில்லை. வாசலில் நின்ற மகன்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகச் சிங்காரவேலு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் தெரு நீளத்துக்கு ஆட்கள் நின்றார்கள்.

"அண்ணே, எனக்கும் வண்டி வேணும்."

"எத்தன தடவ?"

"ரெண்டு. எங்க அண்ணனுக்கு." கொஞ்சம் தயங்கினான். "எங்க தெருவுல மட்டும் சொன்னாப் போதும்ண்ணே. ஒரு தெருதானே, வாடகையில ஏதும் கழிப்பீயளா?"

வைரக்கண்ணு அவனை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தையும் விடுபடாமல் சொன்னார்.

"கழிச்சது போதும்டா தம்பி."

தில்லைநாயகி அந்தச் சொல்லை அழித்துவிட்டாள். கொக்கு விமானம் அதற்குப் பிறகும் ஊருக்கு மேலே போய்வந்துகொண்டுதான் இருந்தது. ஊரில் ஒவ்வொருவருக்கும் கழிந்தது பெரும்பாலும் திரும்பி வந்தது, அறிவிப்புச் செய்யக் கூசியவர்கள் வீட்டில் மட்டும் வரவில்லை. வைரக்கண்ணுவும் பழையபடி ஆட்டோ எடுத்தார், காதணி விழாக்களையும் சாவுகளையும் முழுசாகச் சொன்னார். ஒரே ஒரு வார்த்தைதான் வரவில்லை. சிங்காரவேலுவைத் தம்பி என்று கூப்பிட வந்தது, டீக்கடைக்காரனைத் தம்பி என்று கூப்பிட வந்தது. பெற்ற மகனைக் கூப்பிடும்போது மட்டும் வாய் அசையும், சத்தம் வராது. பூமி என்று கூப்பிட்டுப் பார்த்தார், அதுவும் வரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூமிநாதன் முழு டிக்கெட்டிலேயே திரும்பிப் போனான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் வருவார். முதலில் ஒரு வார்த்தை நீளத்துக்கு ஒன்றும் கேட்காது. பிறகு, "......, சாப்புட்டியா?" என்று வரும். அறையில் கூட இருப்பவர்கள் சிக்னல் சரியில்லை, சன்னல் பக்கம் போய்ப் பேசு என்பார்கள். பூமிநாதன் நகர மாட்டான், தரையைப் பார்த்துக்கொண்டே சாப்புட்டேன்ப்பா என்பான்.